பூவரசு வந்து நின்ற இடம்

புறவாசல் பூவரசு விழுந்து கிடப்பதைப் பார்த்தபோது பிரம்மநாயகிக்கு முதலில் வந்தது அலுப்புதான். வருத்தமெல்லாம் அப்புறம். கையில் புருஷனின் மூத்திரப் பாத்திரம். அதைக் கழுவக் கிணற்றடிக்குப் போனவள், பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். மாமனார் வைத்த மரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது உதிர்த்த மஞ்சள் பூவைப் பெருக்கிப் பெருக்கியே அவள் இடுப்பு தேய்ந்திருக்கிறது. ராத்திரி அடித்த ஆடிக் காற்றில் வேரோடு சாய்ந்து, பின்சுவரில் ஒரு பகுதியையும் இடித்துத் தள்ளிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற பெரிய மனுஷன் மாதிரி நீட்டி நிமிர்ந்து கிடந்தது.

“நல்லாப் படு. ஒனக்காவது படுக்க முடியுதே” என்று அதனிடம் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினாள்.

பிரம்மநாயகி சேரன்மகாதேவிப் பக்கத்துப் பெண். நஞ்சையும் தோப்புமாக இருந்த குடும்பம். ‘இருந்த’ என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் பிறக்கும்போது வயலெல்லாம் பேச்சில் மட்டும்தான் மிச்சம். சாப்பிட உட்கார்ந்தால் பெரியப்பா, சித்தப்பாமார், “வாய்க்காலுக்கு அங்கன தெரியுதே, அம்புட்டும் நம்மளுது” என்று கையை நீட்டுவார்கள். நீட்டின கையிலிருந்து ரசம் சொட்டும். அவள் அப்பா ஒருத்தர்தான் காரியக்காரர். “இந்தக் கதையக் கேட்டுக்கிட்டு இருந்தா வெளங்காது, நீ போயி டைப்பு படி” என்று கிளப்பிவிட்டார்.

அந்த டைப்புதான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. கல்யாணத்தை முடித்து வைத்ததும் அதுதான். திருநெல்வேலி டவுனில் சொந்த வீடு, கூட்டுறவுப் பண்டகசாலையில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை, ‘பொண்ணு வேலைக்குப் போறது நல்லதுதான்’ என்று சொன்ன மாமியார். நல்லதுதான் என்று சொன்னவர்கள் வீட்டு வேலையையும் அவளுக்கே வைத்திருந்தார்கள். காலையில் எழுந்து தண்ணீர் இறைத்து, சமைத்து, மாமியாருக்கு வெந்நீர் வைத்து, பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, ஓடிப்போய் வண்ணார்பேட்டை பஸ்ஸில் ஏறி, பகலெல்லாம் ‘பார்வையில் காணும் கடிதத்தின்படி’ என்று அடித்துத் தள்ளிவிட்டு, சாயங்காலம் வந்தால் மறுபடியும் அடுப்பு. மாமனாரைக் கடைசிவரை பார்த்தாள். படுக்கையில் விழுந்த மாமியாரைப் பல வருஷம் பார்த்தாள். நாத்தனார்மாருக்குப் பேறுகாலம் பார்த்தாள். பையன் நடராஜ் படித்து, பம்பாயில் வேலை கிடைத்து, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். நல்லா இருக்கட்டும். பிரம்மநாயகி உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அது ஆபீஸில் டைப் மிஷின் முன்னால் பார்த்தவர்களாகத்தான் இருக்கும்.

புருஷன் குமரகுருபரன் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. ஆனால் வீட்டுக் காரியம் எதிலும் அவர் கையைக் காண முடியாது. அந்தக் கை வருஷத்துக்கு ஒரு தடவை, ஆனித் தேர் ஓடும்போதுதான் வேலை செய்யும். அவர் சறுக்குக்கட்டை போடுகிற ஆள்.

தேர் ஓடுகிற ஊரில் வடம் பிடித்து இழுக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் குனிந்துகொண்டே நடக்கிற சில பேர் கையில் இருக்கிறது. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கின கனமான மரக்கட்டை. உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் அதைச் சமயம் பார்த்துக் கொடுத்தால் தேர் முகத்தைத் திருப்பும். இன்னும் அழுத்திக் கொடுத்தால் நிற்கும். பிசகினால் கை போகும், சமயத்தில் ஆளே போவான். குமரகுருபரனுக்கு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. “நேராப் போட்டா ஏறிரும், சாச்சுப் போட்டாத் திரும்பிரும். அம்புட்டுதான் சங்கதி” என்பார். பண்டகசாலையில் அவரைத் தெரியாதவர்களுக்குக்கூடத் தேரடியில் அவரைத் தெரியும். “தேருக்குப் போடுத கட்டை போதாதுன்னு வீட்டுக்கும் போடுதிய” என்று பிரம்மநாயகி சிரித்துக்கொண்டே சொல்வாள். கிரைண்டர் வாங்கணும் என்றாலும், பின்சுவரை உயர்த்திக் கட்டணும் என்றாலும், “பைய, பைய” என்றுதான் அவர் வாயில் வரும்.

அந்த மனுஷனுக்கு மாசி மாசம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் போயின. நாக்குத் தடித்துப் பேச்சு குழறியது. பிரம்மநாயகி இருந்த லீவையெல்லாம் போட்டுப் பார்த்தாள், அது தீர்ந்த பிறகு காலையும் மாலையும் பார்த்தாள், நடுவில் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டு ஆபீஸ் போனாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அவள் மட்டும் புரிந்துகொள்கிற பேச்சு. அதுவாவது இருக்கே என்று இருந்தாள்.

அதற்கும் ஆனியில் கேடு வந்தது. தேரன்றைக்குக் காலையில் மந்திரமூர்த்தி வந்தான். அதே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன், குமரகுருபரனுக்குப் பிறகு அந்தக் கட்டையைக் கையில் எடுத்தவன். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். குமரகுருபரன் அவன் கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். தெற்கு ரதவீதி முக்குத் திரும்பும்போது முன்சக்கரத்துக்குக் கட்டையை எவ்வளவு சாய்க்கணும் என்று சொன்னார். பிரம்மநாயகிக்குப் புரிந்தது. மந்திரமூர்த்திக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆனாலும் அவன், “சரி அண்ணாச்சி, அப்படியே செய்யுதேன் அண்ணாச்சி” என்று தலையைத் தலையை ஆட்டினான். நல்ல மனசில்தான் ஆட்டினான். அந்த ஆட்டலைக் குமரகுருபரன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிடித்திருந்த கையைப் பைய விட்டுவிட்டார்.

அதோடு வாயை மூடினவர்தான். பசிக்கிறதா என்று கேட்டாலும் பதில் இல்லை. நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். ஊட்டினால் ரெண்டு வாய் வாங்குவார், மூன்றாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆஸ்பத்திரி டாக்டர், “கைக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா. மனசு விட்டுட்டார்னா மருந்து ஒண்ணும் செய்யாது” என்று சொல்லிவிட்டார். ஒரு மனுஷன் கண் முன்னால் உட்கார்ந்தபடியே போய்க்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே சோறும் வடிக்க வேண்டியிருக்கிறது.

ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரி ஜெபராணியிடம் மட்டும் இதையெல்லாம் சொல்வாள். பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவள், பிரம்மநாயகியைவிட வயதில் சின்னவள். மரம் விழுந்த கதையைச் சொன்னபோது, எடுத்துப்போட ஆள் தேடணுமே என்று அலுத்துக்கொள்ளத்தான் சொன்னாள். ஜெபராணி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“ஏக்கா, அத எடுத்துப் போட்டுராதிய. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. குனிய முடியாது, நிக்க முடியாது. சேர்ல உக்காந்தா மடி ஒயரத்துக்கு வார மாதிரி செங்கல அடுக்கி, மண்ணப் போட்டு, ஒரு மேட்டுப் பாத்தி கட்டிக் குடுத்தோம். ஒத்தக் கையால கீரை போட்டாரு. கெடந்த மனுசன் அந்தக் கீரைக்குத் தண்ணி ஊத்துததுக்குன்னே எந்திரிச்சாரு.”

“எங்கிட்டு ஜெபா நம்மால ஆகும். செங்கலுக்கு எங்க போக?”

“செங்கல் எதுக்கு? அந்த மரத்தையே முன்பக்கம் போடுங்க. இடிஞ்ச சுவத்துக் கல்ல மத்த மூணு பக்கமும் அடுக்குங்க. ஆடிப் பட்டம் வேற. இப்பப் போட்டா வெண்டையே காய்க்கும்.”

பிரம்மநாயகிக்கு இன்னொரு வேலையா என்றுதான் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, முடியாது, என்னால் முடியாது என்றே நினைத்துக்கொண்டு போனாள். வீட்டில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்துவிட்டுப் போன சோறு தட்டில் காய்ந்திருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே மந்திரமூர்த்தியின் கடைக்குப் போனாள்.

விறகு வெட்டுகிறவன் வந்து கொம்பையெல்லாம் கழித்து எடுத்துக்கொண்டு, அடிமரத்தை மட்டும் பாத்திக்குத் தக்கன ஒரே துண்டாக அறுத்துப் போட்டுவிட்டுப் போனான். பாத்தி எங்கே என்பதைப் பிரம்மநாயகி முடிவு செய்திருந்தாள். கிணற்றடிதான். துவைக்கிற தண்ணீர் ஓடி வருகிற இடம், தனியாகத் தண்ணீர் சுமக்க வேண்டாம். அவளுக்குச் சுமக்க இனித் தெம்பு இல்லை.

புறவாசல் ஒரு மாதிரியான அமைப்பு. கிணறு வெட்டின மண்ணை அந்தக் காலத்தில் பின்சுவர்ப் பக்கமே கொட்டிவிட்டதால் அங்கே மேடு, வீட்டுப்பக்கம் தாழ்வு. நடுவில் கிணறு. மழை பெய்தால் தண்ணீர் நேரே வீட்டுப் படிக்கு வரும். படியும் ஒரு சாண் உயரம்தான். மரம் மேட்டில் கிடந்தது. கிணற்றடிவரை இறக்கினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்திரமூர்த்தி ஆட்களோடு வந்தான். கூப்பிட்டது நாலு பேர், வந்தது ஒரு தெரு. பந்தல்காரரிடமிருந்து உருட்டுச் சவுக்குக் கம்புகளும் கனத்த கயிறும் வந்தன. ஜெபராணி கோவிலில் முதல் ஆராதனையை முடித்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு, கையில் விதைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள். மரத்தைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, கம்புகளைக் குறுக்கே அடியில் கொடுத்தார்கள்.

பிரம்மநாயகி புருஷனை நாற்காலியோடு தூக்கச் சொல்லிப் புறவாசல் படியோரம் வராந்தாவில் கொண்டுவந்து வைத்தாள். வெளியே வைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, உள்ளே தனியாக விட்டுவிட்டு வர மனசில்லை. செத்துப்போன வலது காலுக்கு அடியில், தொங்காமல் இருக்க, சாப்பிட உட்காருகிற பலா மணையை வைத்தாள். அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்க்க முகத்தைத் திருப்பினார். பார்க்கச் சுவர் இல்லை. வேறு வழியில்லாமல் மரத்தைப் பார்த்தார்.

பார்க்கப் பார்க்க அவருக்கு முகம் மாறியது. முதலில் சரிவைப் பார்த்தார். கம்புகளைப் பார்த்தார். கயிற்றின் பக்கம் சேருகிற ஆட்களைப் பார்த்தார். பிறகு மரத்துக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே காட்டி அமுக்கி அமுக்கி ஆட்டினார்.

“தண்ணிதானே? வாரேன், வாரேன். செத்த நேரம் சும்மா இருங்க” என்றாள் பிரம்மநாயகி.

திருநெல்வேலிக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. கயிறு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், பிடித்து இழுத்துத்தான் ஆகணும். பிறந்ததிலிருந்து வடம் பிடித்து வளர்ந்த கைகள். ஒரு மரத்துண்டுதானே, பின்னால் ரெண்டு பேர் நின்று கயிறு கட்டி அணைத்துப் பிடிப்போம், ஒருத்தன் கம்புக்கு முட்டுக் கொடுப்போம் என்று ஒருத்தருக்காவது தோன்றணுமே. தோன்றவில்லை. எல்லாரும் முன்னால் வந்துவிட்டார்கள். போன மாசம்தான் தேருக்குக் கட்டை போட்ட மந்திரமூர்த்தியே, இன்றைக்கு நாம் குனிய வேண்டியதில்லை என்கிற சந்தோஷத்தில் கயிற்றின் முதல் ஆளாக நின்றான். ஜெபராணி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, “எங்க சபையில தேரு கிடையாது. இன்னைக்காவது இழுக்கேன்” என்று வரிசையில் சேர்ந்தாள். அது போதாது என்று பிரம்மநாயகியும் ஓடிப்போய்க் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டு மரம், அவள் பிடிக்காமல் எப்படி.

மந்திரமூர்த்தி குரல் கொடுத்தான். எல்லாரும் ஒரே மூச்சாக இழுத்தார்கள். மரம் ஒரு அடி நகர்ந்து நின்றது. மறுபடியும் குரல். இந்தத் தடவை மரம் கம்புகளின் மேல் வசமாக ஏறி உட்கார்ந்தது. வராந்தாவில் குமரகுருபரன் கையை இன்னும் வேகமாக அமுக்கிக் காட்டினார். “க… க…” என்று சத்தம் வந்தது. இழுப்பவர்களின் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பிரம்மநாயகிக்குக் கேட்டது. கேட்டும், இதோ முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள்.

மூன்றாவது இழுப்பில் கயிறு தொய்ந்தது. இழுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கிணற்றை ஒட்டி, நடந்து நடந்து இறுகின செம்மண் தடத்தில், உருட்டுக் கம்புகளின் மேல், மரம் தானாகவே வந்துகொண்டிருந்தது. முதலில் பைய வந்தது. கிணற்றடியில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. சரிவு கூடின இடத்தில் அதற்கு வேகமும் கூடியது. “ஏலே, வெலகுங்கலே” என்று யாரோ கத்த, ஆளுக்கு ஒரு பக்கமாகச் சிதறினார்கள். எல்லாரும் விலகின பிறகுதான் பிரம்மநாயகிக்கு உறைத்தது. மரம் போகிற வழி முடிகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவரால் எழுந்திரிக்க முடியாது. ஒரு சாண் படி அந்தக் கனத்தை நிறுத்தாது.

ஓடினாள். கால் போகவில்லை. சொப்பனத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது என்று பின்னால் ஜெபராணியிடம் சொன்னாள்.

குமரகுருபரன் பதறவில்லை. மரத்தின் முன்னால் உருண்டு வருகிற கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. இடது காலால் மணையை வலது காலுக்கு அடியிலிருந்து உருவித் தள்ளினார். நாற்காலியிலிருந்து சறுக்கி வராந்தாத் தரையில் விழுந்து, இடது கையால் மணையைப் படிக்குக் கீழே தள்ளி, ஒரு கணம் வைத்திருந்தார். கம்பு கிட்டே வந்ததும் மணையைச் சாய்த்துக் கொடுத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். கம்பு மணையில் ஏறப் பார்த்தது, முடியாமல் ஒரு பக்கம் சொருகிக்கொண்டு நின்றது. மரம் கம்பை விட்டு இறங்கி, மூக்கைத் திருப்பி, படியை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்து, படி நீளத்துக்கு அப்படியே படுத்துவிட்டது. மணை ரெண்டாகப் பிளந்து கிடந்தது.

பிரம்மநாயகி போய் அவரைத் தூக்கப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மந்திரமூர்த்தியைப் பார்த்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. வாய் கோணிக்கொண்டு வார்த்தை வெளியே வந்தது. ஒரு மாசத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்த வார்த்தை. குழறிக் குழறி, எச்சில் தெறிக்க வந்தது.

மந்திரமூர்த்தி கிட்டே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தலையை ஆட்டப்போனவன், ஆட்டாமல் நிறுத்திக்கொண்டான்.

“வெளங்கல அண்ணாச்சி. இன்னொரு மட்டம் சொல்லுங்க.”

குமரகுருபரன் இன்னொரு தரம் சொன்னார்.

“கட்டையிங்கியளா?”

ஆமா என்று தலையசைத்துவிட்டு மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். மந்திரமூர்த்தி கண்ணைச் சுருக்கி அவர் உதட்டையே பார்த்தான்.

“கட்டை போட ஆளு நிக்காம… எவம்லே கயித்தத் தொட்டான்… அப்படியா அண்ணாச்சி?”

“ஆங்” என்றார் குமரகுருபரன். அது எல்லாருக்கும் புரிந்தது.

“நாந்தான் தொட்டேன். செருப்பால அடிங்க” என்றான் மந்திரமூர்த்தி. சொல்லிவிட்டு எழுந்திரிக்கவில்லை. “தேரன்னைக்குச் சொன்னியளே, அதுவும் எனக்கு வெளங்கல அண்ணாச்சி. வெளங்கின மாதிரி மண்டைய ஆட்டிட்டுப் போயிட்டேன். முக்குத் திரும்புததுக்குள்ள உசிரு போயி உசிரு வந்துச்சு. அதையும் இப்பச் சொல்லுங்க.”

குமரகுருபரன் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு பிளந்து கிடந்த மணையில் ஒரு பாதியை எடுத்து, தரையில் வைத்து, இடது கையால் சாய்த்துக் காட்ட ஆரம்பித்தார். பிரம்மநாயகி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

அழுது முடித்தாலும் வேலை முடியணுமே. மரம் கிணற்றடியில் இல்லாமல் படியடியில் கிடந்தது. ஆட்கள் அதை மறுபடியும் மேலே ஏற்றுவதைப் பற்றிப் பேசினார்கள். ஏற்றமாக இழுக்கணும், ஆள் பத்தாது, ஆள் இருந்தாலும் இனிமேல் அந்தக் கயிற்றைத் தொட ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. குமரகுருபரன் மரத்தின் மேல் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டி, “இங்கன” என்றார்.

அப்போதுதான் பிரம்மநாயகி அந்த இடத்தைப் பார்த்தாள். படிக்குக் கீழே மரம். படிக்கு மேலே நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தால் கை நேரே அங்கேதான் போய் விழும். கிணற்றடியில் பாத்தி கட்டியிருந்தால் தினமும் அவரை யார் அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போவது? அவள்தான். தண்ணீர் சுமக்கப் பயந்து, ஆளைச் சுமக்க ஏற்பாடு பண்ணியிருந்தாள். அலுத்துப்போன மூளை அப்படித்தான் வேலை செய்யும். “எனக்குக் கோட்டிதான் பிடிச்சிருக்கு” என்று ஜெபராணியிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

மரத்தைப் படியிலிருந்து பாத்தி அகலத்துக்கு மட்டும் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார்கள். இந்தத் தடவை மந்திரமூர்த்தி கட்டையோடு அந்தப் பக்கம் குனிந்து நின்றான். வராந்தாவிலிருந்து கை அமுக்கிக் காட்டினால் வைப்பான், தூக்கிக் காட்டினால் எடுப்பான். மரத்தின் ரெண்டு முனையிலும் சுவர்க்கல் அடுக்கினார்கள், படியோரமும் கல் வைத்தார்கள், மரத்துக்கு மேலேயும் ரெண்டு வரிசை ஏற்றினார்கள். தெருக்காரர்கள் குளத்திலிருந்து கரம்பை மண் கொண்டுவந்து கொட்டினார்கள். எருவும் வந்தது. எல்லாரும் போன பிறகு வராந்தா முழுக்கச் சேறு. அதை யார் கழுவினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். ஆபீஸ் விட்டு வந்து, அவருக்குக் காப்பி கொடுத்து, உலையை வைத்துவிட்டு, ஜெபராணியின் விதைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். அவர் இடது கையால் மண்ணைக் கிளறினார். ஒரு விரலால் குழி போட்டார். ஒரு வெண்டை விதையை எடுத்துப் போடுவதற்குள் மூன்று விதை கீழே சிந்தியது. பேசவில்லை. அன்றைக்குத் திறந்த வாய் மந்திரமூர்த்திக்கு மட்டும்தான். அவன் தினமும் கடையை அடைத்துவிட்டு வருவான், அவனிடம் பேசுவார். அவளிடம் சோறு வேண்டும், போதும் என்று ஒரு சொல். அது போதும் என்றுதான் அவளும் இருந்தாள். ஊட்டினதை இப்போது முகம் திருப்பாமல் வாங்குகிறாரே, அதற்கு மேல் என்ன கேட்க.

சிந்தின விதையைப் பொறுக்கிக் கொடுத்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவரப் போனாள். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். துணியை உள்ளே போட்டுவிட்டு வந்து, மண்ணான அவர் முழங்கையைத் துடைத்தாள். உலை கொதிக்கிற சத்தம் கேட்டு உள்ளே போய் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அடுத்து என்ன என்று நின்றாள்.

குமரகுருபரன் விதை போடுவதை நிறுத்தியிருந்தார். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போனதையும் வந்ததையும் எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. அன்றைக்கு மரத்தைப் பார்த்த மாதிரியே பார்த்தார். பிறகு பாத்தியோரத்துக் கல்லின் மேலிருந்த மண்ணை இடது கையால் ஒரு தடவை, ரெண்டு தடவை தள்ளித் துடைத்தார். உள்ளங்கையைக் கீழே காட்டி, பைய அமுக்கினார்.

“தண்ணியா?” என்றாள்.

இல்லை என்று தலையசைத்தார். வாய் கோணியது. சொல் உடனே வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

“ஏட்டி… உக்காரு.”

பிரம்மநாயகிக்கு முதலில் என்ன செய்வது என்றே தெரியவில்லை. அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தர் அவளிடம் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. “அடுப்புல சோறு கெடக்கு” என்றாள். அவர் கையை எடுக்கவில்லை. அமுக்கியே காட்டிக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தாள். உள்ளே சோறு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்திரிக்கவில்லை.